தம்பியின் குரலில் வந்த காரணம்

"நான் இசக்கிதுரை. வயசு இருபத்திமூணு. மஸ்கட் கேம்ப்ல இருந்து நானே பேசுதேன், செயலி இல்ல." அவன் சொல்லச் சொல்ல போன் அதை எழுத்தாக்கி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது.

அக்கா பேச்சியின் கைக்குழந்தை காய்ச்சலில் போனபோது, என்ன பேசுவதென்று தெரியாமல், ஆறுதல் செயலியிடம் பொறுப்பை விட்டுவிட்டு டூட்டிக்கு ஓடியவன் அவன். சாமி கும்பிடும் குடும்பம் என்று மட்டும் குறித்துக் கொடுத்தான். அது அவன் குரலிலேயே அக்காவோடு அரை மணி நேரம் பேசியது. எல்லாம் போன பிறவியில் அவள் செய்த வினை என்று அன்பாக விளக்கியது.

இன்று அத்தான் கூப்பிட்டார். "மாப்ள, தீட்டுக் கழிஞ்சு மூணு நாளாச்சு, உங்கக்கா பல்லுல பச்சத்தண்ணி படல. ஈரச் சேலையோட கோயில்ல உருளுதா. கேட்டா, 'என் தம்பி பொய் சொல்ல மாட்டான்'ங்கா."

அவரிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் குரூப்பைத் திறந்து பேசத் தொடங்கினான்.

"அக்கா, அன்னைக்குப் பேசுனது நான் இல்ல. நீ ஒரு பாவமும் பண்ணல. புள்ள ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், கோயிலுக்குப் போயி அவகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அவளுக்கு ஒரு வாய் சோறு குடுங்க."