அதே மூன்று வரி

"டைரக்டரியைப் படிக்க, வேற யாரும் நுழையாம லாக் போடுறான். நடுவுல பிழை வந்தா லாக்கை எடுக்காமலே ஓடிடுறான். மத்தவன்லாம் வாசல்லயே நிக்கணும்! எந்த மடையன் எழுதினானோ?"

திரையில் இருந்த பழைய கணினி நிரலைப் பார்த்து, லாமிங்டன் கேக்கைக் கடித்தபடி சிரித்தான் லாக்லன். மூன்று வரியில் திருத்தம் எழுதி, ஹோபார்ட் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ப்ரான்வினிடம் காட்டினான்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா இதே மூணு வரியை ஆறு வருஷம் முன்னாடியே ஒரு பொண்ணு அனுப்பியிருக்கா. பழைய மெயிலைப் பாருங்க."

பார்த்தான். அனுப்பியவர் இடத்தில் ஒரு முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டுமே இருந்தன. 'லாக் என்றால் என்னவென்று படித்துவிட்டு வா' என்று எல்லோரும் பார்க்கப் பதில் போட்டு, அதை நிராகரித்திருந்தது அவனேதான்.

கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தான்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா? மன்னிப்புக் கேக்கணும்."

"கேளுங்க," என்றாள் ப்ரான்வின். "கல்யாணத்துக்கப்புறம் என் குடும்பப் பேர் மட்டும்தான் மாறிச்சு."