ஒரு ஆளுக்கு ஒரு ஊர்

“ஒரு ஆளுக்கு எத்தன ஊருங்க டீச்சர்? அங்க ஒரு ஓட்டு, இங்க ஒரு ஓட்டா? நாடு உருப்படுமுங்களா?”

ஆறுச்சாமிக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வாடகைக்கு விட்ட ஆறு லைன் வீடுகள். நியாயம் பேச ஆரம்பித்துவிட்டால் அவரை நிறுத்த அவராலேயே முடியாது.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த அனுசுயா டீச்சர், எதிரே நின்ற சின்னத்தாயைப் பார்த்தார். பனியன் கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“ஊர்ல பேர எடுத்தாச்சு டீச்சர். இந்தா, அதுக்குச் சீட்டு. ஏழு வருசமா இவுக லைன் வீட்லதான் இருக்கோம். இங்கயும் சேக்கலன்னா எனக்கு எங்கயுமே ஓட்டு இல்ல.”

“ஊட்டு ஓனர் நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க” என்றார் டீச்சர்.

“இவங்க இங்க இருக்கறதே இல்லீங்க. வருவாங்க, போவாங்க.”

பச்சைப் பொய். இன்றைக்கு ஓட்டு கேட்பவள் நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டேன் என்பாள் என்று அவருக்குப் பயம்.

“பொறந்த மண்ண உட்டுப்போட்டுப் பொழைக்க வந்தவங்களுக்கு இங்கென்னங்க ஓட்டு?”

சின்னத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

“சரிங்க, உங்க ஊட்டுப் பேரைப் பார்த்துடலாம். ஆறுச்சாமி, ரங்காத்தாள், சுரேந்தர். சுரேந்தர் யாருங்க?”

“எம்பையனுங்க. வேலையா வெளிய போயிருக்கானுங்க. கொண்டாங்க, அவனுக்கும் நானே கையெழுத்துப் போட்டுடறேன்.”

போட்டார். சும்மா சொல்லக்கூடாது, முத்து முத்தான கையெழுத்து.

டீச்சர் எழுந்தார். “எதுக்கும் இந்தம்மா ஊட்டை ஒரு எட்டுப் பார்த்துடறேனுங்க.”

“அங்க என்னங்க இருக்குது பாக்கறதுக்கு?” என்று பின்னாலேயே ஓடினார் ஆறுச்சாமி.

ஒற்றை அறை. அடுப்பு, பாய், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை. டீச்சர் அண்ணாந்து பார்த்தார். கூரைக்கு அடியில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் இழுத்துக் கட்டியிருந்தது.

“மழைக்கு ஒழுகுதுன்னு சொன்னேன் டீச்சர். வீட்டு மொதலாளிதான் போன வருசம் இதக் குடுத்தாக” என்றாள் சின்னத்தாய், அப்போதும் அவரை விட்டுக்கொடுக்காமல்.

டீச்சர் அவளுடைய படிவத்தில் ‘குடியிருக்கிறார்’ என்று எழுதினார். பிறகு, பேனரில் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்தவனின் படத்துக்குக் கீழே இருந்ததைச் சத்தமாகவே படித்தார்.

“கனடா நாட்டின் குடிமகனாகிவிட்ட எங்கள் தங்கம் சுரேந்தருக்கு வாழ்த்துகள். இவண், பெருமையுடன் தந்தை ஆறுச்சாமி.”