பத்துக்குப் பத்து

“‘வழுக்கி விழுந்தாள்’ங்கிறதை வெட்டிட்டு, ‘புருஷன் அடிச்சான்’னு எழுதுங்க டாக்டர்.”

கேஸ் ஷீட்டைத் திருத்தச் சொல்லி டாக்டரிடம் மட்டும் வாய் திறக்கக் கூடாது என்று, சேர்ந்த அன்றைக்கே பெரிய நர்ஸ் ஞானபாக்கியம் சொல்லியிருந்தார்.

திறந்துவிட்டேன். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. இந்த வாய்கூட இல்லாவிட்டால் பட்டம் எதற்கு?

டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை. அதற்கடியில் இருந்த என் தாளை உருவினார்.

அது நானே கண்டுபிடித்த தாள். அடிபட்டு வரும் பெண்கள் எவ்வளவு தேறினார்கள் என்று அளக்க. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, தலை வாரிக்கொள்கிறாளா, சிரிக்கிறாளா, வீட்டுக்குப் போகக் கேட்கிறாளா. கேள்விக்கு இரண்டு மார்க். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர், வேதனைக்கு நான். சின்னமனூரில் இதை டைப் அடித்துத் தந்தவரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

“கார்த்திகையில பத்துக்குப் பத்து. தையில பத்துக்குப் பத்து. நீங்க போட்ட மார்க்குதானே சிஸ்டர்? பாஸான பொண்ணுக்கு போலீஸ் எதுக்கு?”

சிரித்துக்கொண்டே அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

கட்டிலில் ஜக்கம்மா. மூன்றாம் முறை. இந்தத் தடவை வலது கையில் மாவுக்கட்டு. நாளைக் காலையில் மாமியார் புதுச் சேலையும் பூவுமாக வந்து கூட்டிப்போவாள். போன இரண்டு முறையும் அப்படித்தான். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஜக்கம்மா சிரித்ததற்கு நான் மார்க் போட்டேன். கஞ்சத்தனமே இல்லை, முழு இரண்டு.

வெளியே ராஜ்தூத் பைக்கின் ஹாரன் அடித்தது.

மணி பார்த்தேன். ஐந்து தாண்டி ஐந்து நிமிஷம். முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன். சித்திரை வெயிலிலும் முழுக்கைதான். படித்தவள் ஸ்டைல் என்று வார்டில் பேர். மணிக்கட்டுக் கொக்கியை மாட்டப் போனேன். இரண்டு தடவை தவறியது.

ஜக்கம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுக்காரரு வந்துட்டாக போல. செருப்புச் சத்தம் கேட்டா எனக்கும் இப்படித்தான் நர்சம்மா, கை நிக்காது. அதை உங்க பேப்பர்ல கேக்கவே இல்லையே?”

கேட்கவில்லைதான்.

நான் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். தலை வாரிக்கொள்கிறேன். ஜோக்கு சொன்னால் சிரிக்கிறேன். தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறேன். என் தெர்மாமீட்டர்படி எனக்கு ஒன்றுமே இல்லை.

புதுத் தாள் எடுத்து ஆறாவது கேள்வியைக் கையால் எழுதினேன்: சத்தம் கேட்டால் கை நிற்கிறதா? பெயர் என்ற இடத்தில் ஜக்கம்மா. பக்கத்திலேயே என் பெயர். இரண்டு பேருக்கும் முட்டை.

ஹாரன் மறுபடி அடித்தது. இப்போது நீளமாக.

“வாறீகளா?” என்றேன்.

ஜக்கம்மா இடது கையால் கட்டிலைப் பிடித்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டினாள்.

சமையல்கட்டு வழியாக இறங்கினால் உத்தமபாளையம் பஸ் நிற்கும் இடம். பின்வாசல் தாண்டியதும் மணிக்கட்டுக் கொக்கியைக் கழற்றி, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டேன்.

ஸ்டேஷனில் எப்படியும் காட்டச் சொல்வார்கள்.