எந்தப் பிணத்துக்குப் பொன்னாடை?

"யாரைக் கேட்டு இதை அச்சடிச்சீங்க?"

முன்னாள் போர் விமானி பக்ருதீன் அழைப்பிதழை மேசைமேல் வீசினார். கடல் கடந்த புறநகரான பென்டில் ஹில்லின் தமிழ்ச் சங்கச் செயலாளர் திருமாறன் பதறிப்போனார்.

"எழுபத்தொண்ணு போர்ல பாகிஸ்தான் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினவர்னுதானே சார் போட்டிருக்கோம்?"

"புகை வந்துச்சுன்னுதான்யா நான் எழுதிக் கொடுத்தேன். விழுந்துச்சு, ஆள் செத்தான்னு எழுதினது மேல இருந்தவங்க!"

"தன்னடக்கம் சார் உங்களுக்கு. பதக்கமே கொடுத்திருக்காங்களே!"

"கொடுத்தாங்க. இருபத்தஞ்சு வருஷமா கொன்னவன்னு சுமந்தேன். போன மாசம் ரயில்ல ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். அதே நாள், அதே ஊர், அதே சண்டை. செத்தவர் அவர்தான். இப்போ என்னைக் கார்ல கூட்டிட்டு வந்திருக்கார்!"

திருமாறன் ஜன்னல் வழியே பார்த்தார். நரைத்த தாடிக்காரர் ஒருவர் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அருமை சார்! அவரையும் மேடையில உட்கார வெச்சு, ரெண்டு பேருக்கும் பொன்னாடை போட்டுடலாம்."

பக்ருதீனின் முகம் சிவந்தது.

"போடுங்கய்யா! அவருக்கும் அவங்க ஊர்ல பதக்கம் கொடுத்திருக்காங்க, என்னைச் சுட்டுக் கொன்னதுக்கு. எந்தப் பிணத்துக்கு முதல்ல போடப்போறீங்க?"