உப்புக்கோட்டை ராணியின் குரல்

இப்படி என் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். உங்கள் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று மணி. சோபாவில் கணவன், அவன் தம்பி, அவன் அக்கா. ஓரத்து நாற்காலியில் அவள்.

டிவியில் ‘உப்புக்கோட்டை’.

அந்தத் தொடரை அறியாதவர் அந்தக் குடும்பத்தில் கிடையாது. இருபது வருடத்துக்கு முன்னால் நிஜ மனிதர்கள் நடித்து வந்தது. அண்ணனும் தம்பியும் போர்வையை முதுகில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தே வளர்ந்தவர்கள். ராணி மதில்மேல் நின்று எதிரிப் படையிடம் பேசும் பேச்சு, அக்காவுக்கு இன்றைக்கும் தலைகீழ்ப் பாடம்.

இப்போது அதையே அனிமே என்கிற கார்ட்டூன் படமாக எடுத்து, ஆங்கிலத்தில் டப்பிங் செய்து விட்டிருந்தார்கள். மூன்று வாரம் ஸ்டூடியோவில் நின்று அந்த ராணியைப் பேசிவிட்டு வந்தவள்தான் ஓரத்து நாற்காலிக்காரி.

ஆஸ்பத்திரி வரவேற்பு வேலையை விட்டுவிட்டுக் குரல் கொடுக்கப் போனவளுக்குக் கணவன் வைத்த கெடு ஒரு வருடம். அது இன்றோடு முடிகிறது. ராணி எடுபட்டால் அவள் மைக் முன்னால் நிற்கலாம். இல்லையென்றால் நாளைக் காலையிலிருந்து நாத்தனாரின் லாண்டரியில் இஸ்திரிப்பெட்டி முன்னால் நிற்க வேண்டும்.

நாத்தனார் ஏப்ரனைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மடிப்புக் கலையாமல் மடியில் இருந்தது.

முதலில் டிராகன் வந்தது.

“அண்ணா, இது டிராகனா? சுவத்துப் பல்லிக்குச் சிறகு ஒட்டி விட்டிருக்கான்!” என்றான் கொழுந்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். படம் வரைந்தவன் செய்த பாவத்துக்கு அவள் என்ன செய்வாள்?

பிறகு ராணி வந்தாள். தேங்காய் மூடி மாதிரி இரண்டு கண். கூந்தல் மட்டும் கோட்டையைவிடப் பெரிது. மதில்மேல் ஏறினாள். வாயைத் திறந்தாள்.

ஓரத்து நாற்காலியில் அவள் கையிலிருந்த டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு படையையே நடுங்க வைக்க வேண்டிய பேச்சு, பஸ்ஸில் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்’ என்று கேட்கிற தொனியில் வந்தது. ராணி வாயை மூடிய பிறகும் இரண்டு வார்த்தை பாக்கி இருந்தது.

முதலில் சிரித்தது கணவன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இதுக்காடி ஒரு வருஷம்?”

கொழுந்தன் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். மூன்று தடவை. நாத்தனார் எழுந்து நின்று பழைய ராணி மாதிரி ஒருமுறை, புது ராணி மாதிரி ஒருமுறை பேசிக் காட்டினாள். நன்றாகவே வந்தது அவளுக்கு.

“அன்னிக்குத் தொண்டை சரியில்ல” என்றாள் இவள்.

இங்கே உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அது அவள் குரலே இல்லை.

அவள் பேசியதை அழித்துவிட்டு வேறு யாரையோ பேச வைத்திருக்கிறார்கள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே அந்த நிமிடம், அந்த டிவியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதைவிட, கேவலமாகப் பேசினாள் என்பது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது அவளுக்கு.

அதோடு, அவள் காத்திருந்தாள். யாராவது ஒருவர் சொல்வார்கள், ‘ஏய், இது உன் குரல் மாதிரியே இல்லையே’ என்று. பதினோரு வருடம் பக்கத்தில் படுத்தவன் சொல்வான். ஒரு நாளைக்கு நாலு தடவை போனில் பேசுகிற நாத்தனாராவது சொல்வாள்.

ஒருவரும் சொல்லவில்லை. விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் காட்சி. மதில் இடிந்து ராணி விழ வேண்டும்.

அலறலையெல்லாம் ஸ்டூடியோவில் தனியாக, கடைசி நாளில்தான் எடுப்பார்கள். கத்தினால் தொண்டை போய்விடும், பிறகு பேச முடியாது அல்லவா. அவள் ஒரே டேக்கில் கொடுத்தாள். சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அதை மட்டும் அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

ராணி அலறினாள்.

கொழுந்தனுக்கு விக்கலே நின்றுபோயிற்று.

“அண்ணி! இது மட்டும் பழைய ராணியையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. எங்க கத்துக்கிட்டீங்க?”

அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அந்தக் குரலை மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ரிமோட்டைத் துழாவி எடுத்துச் சத்தத்தை அணைத்தான். ராணி ஓசையில்லாமல் விழுந்துகொண்டே இருந்தாள்.

அப்போது சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. பக்கத்து வீட்டம்மா ராத்திரிகளில் எப்போதும் தட்டுகிற அதே மூன்று. பகலில் தட்டியது அன்றுதான் முதல் தடவை.

“யாரு அது, சுவத்துல?” என்றான் கொழுந்தன்.

நாத்தனார் யாரென்று கேட்கவில்லை. பெரிய தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து ஏப்ரனின் மடிப்பை இரண்டு தடவை நீவிவிட்டாள். எழுந்து வந்து அதை அவள் மடியில் வைத்தாள்.

“ஏழரைக்கெல்லாம் வந்துடு.”

அவ்வளவுதான், கண்ணுகளா. டீயைக் குடியுங்கள்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். நீங்கள் மெல்லப் பேசும்போதே அந்த வீட்டில் எல்லோருக்கும் உங்கள் குரல் தெரியட்டும். எந்தச் சுவரும் உங்களுக்காகத் தட்டப்பட வேண்டாம்.