ஐநூறு மணி நேரம்

ஆம்பூர் காலணிப் பயிற்சி நிலையத்துக்கு அன்றுதான் மாற்றலாகி வந்திருந்த குமாஸ்தா நந்தகோபால், எதிரே நின்ற தாயையும் மகளையும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐநூறு மணி நேரம் வராட்டி பூரணிக்கு உதவித்தொகை நின்னுடும். தெரியுமில்ல?"

"பட்டறையிலயே அறநூறு மணி நேரம் ஆய்டுச்சே சார்," என்றாள் தாய்.

"பட்டறையில ரெண்டு மணி நேரம் செஞ்சா, வகுப்புல ஒரு மணி நேரம்னுதான் எடுத்துக்குவோம். உங்க அறநூறு இங்க முந்நூறுதான்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "வகுப்புக்கு ஒழுங்கா வர்றதுக்கு இன்னா கஷ்டம்?"

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் மேசை மேலிருந்த பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும். மறுபடி தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைதான்.

நந்தகோபால் வகுப்புப் பதிவேட்டை மெதுவாகக் கூட்டிக்கொண்டே வந்தார்.

"இருநூத்தி நாலு. மொத்தம் ஐநூத்தி நாலு. நாலு மணி நேரத்துல தப்பிச்சாச்சு."

உதவித்தொகைப் படிவத்தைத் தாயிடம் நீட்டினார். "ஜாமீன் போடறவங்க இங்க கையெழுத்து போடுங்க."

தாய் அதை மகளிடம் கொடுத்தாள்.

"படிக்கற பொண்ணு எப்படிம்மா ஜாமீன் போட முடியும்?"

"ஷூ கம்பெனியில சம்பளம் வாங்கறது அவதான் சார். பூரணி நான்தான்."