பிலோமினாவுக்கு ஆம்புலன்ஸ்

காலை பத்து மணிக்கு, மலேசியாவின் பீடோங்கில் பரஞ்சோதியின் வீட்டுத் தொலைபேசி மணியடித்தது. எடுத்ததும் ஓர் ஆணின் குரல்.

"மிஸ், பெரிய ஆஸ்பத்திரிக்கு லைன் கிடைச்சிருச்சா?"

பரஞ்சோதிக்கு எழுபத்திரண்டு வயது. இளம் வயதில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் குரலை அவளால் மறக்க முடிந்ததே இல்லை. ஐம்பது வருடங்களுக்கு முன் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பேசிய சவரிமுத்து. பிரசவத்தில் மனைவி பிலோமினாவுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று ஆம்புலன்ஸ் கேட்டான். காத்திருக்கச் சொன்னவள், மற்ற அழைப்புகளுக்கு நடுவே அவனை மறந்துபோனாள். பிலோமினா அன்றே இறந்தாள். அடுத்த வருடம் அவனும் இறந்துவிட்டான்.

"இன்னும் லைன்லதான் இருக்கேன், மிஸ். சீக்கிரம்லா."

கைப்பேசியில் மருத்துவமனையை அழைத்து ரிசீவரோடு சேர்த்துப் பிடித்தாள். அவன் தோட்டத்தின் பெயரையும் லயத்து வீட்டு எண்ணையும் சொன்னான். ஆம்புலன்ஸ் அனுப்புவதாகச் சொன்னார்கள். ரிசீவரில் அவன் குரல் அடங்கியது. பரஞ்சோதி உட்கார்ந்து அழுதாள்.

ஒரு மணி நேரத்தில் கைப்பேசி அடித்தது.

"அக்கா, ஆம்புலன்ஸ் டிரைவர் கிளாரன்ஸ் பேசறேன். இங்க வீடே இல்லலா, எல்லாம் செம்பனை மரந்தான். ஆனா மரத்தடியில ஒரு பொம்பளை கிடக்கறாங்க. ரத்தம் இன்னும் நிக்கல."

"உசிரு இருக்கா, தம்பி?"

"பேசறாங்கக்கா. லைன் குடுக்குற மிஸ்கிட்ட பேசணுமாம். இருங்க, குடுக்கறேன்."

சருகுகள் மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ மூச்சுவாங்குவது மெல்ல நெருங்கி வந்தது.